தோட்டக் களையும் வீட்டுக் கழிபொருளும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்ப் பகுதியைச் சார்ந்த திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில், பாலாற்றின் தென்கரையில் அமைந்த கிராமமாகும். ஆறுகள் மூன்றாயினும் வருஷத்தின் பெரும்பகுதியில் அங்கே கண்ணுக்குப் புலப்படுவது மணலே. புறக்கடைத் தோட்டங்களுக்குக் கிணறும் குழாய்க் கிணறுமே ஆதாரம். இத்தகைய இடத்தில் ஒரு குடம் நீரைப் பாத்தியில் விடும்போது, அதிற் கத்தரிச் செடிக்குச் சேருவது எவ்வளவு, செடியின் அடியிற் படர்ந்த சாரணையும் கோரையும் உறிஞ்சுவது எவ்வளவு, வெயில் கொண்டுபோவது எவ்வளவு என்பது விளையாட்டான கேள்வியன்று.

தோட்டத்தைப் பேணுதல் இப்பகுதிக்குப் புதிய விஷயமன்று. உத்திரமேரூர்ச் சபையார் 921-ஆம் ஆண்டில் பொறித்த கல்வெட்டு, குடவோலை முறையால் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரையும் ஏரி வாரியத்துக்கு அறுவரையும் தெரிந்தெடுக்குமாறு விதிக்கின்றது. ஏரியைக் காப்பவரினும் இருமடங்கினரைத் தோட்டத்துக்கு நியமித்த ஊரார் அதன் வேலைச் சுமையை நன்கு அறிந்தே செய்திருத்தல் வேண்டும்.

அச்சுமையிற் பெரும்பங்கு களை பறித்தலாகும். வீட்டுத் தோட்டங்களில் அது பெண்கள் தலையிலேயே விழுகின்றது. வயலிற் களையெடுக்க வருவோருக்குக் கூலி உண்டு, கணக்கும் உண்டு. புறக்கடையிற் குனிந்து பறிக்கும் வீட்டுக்காரியின் இடுப்புநோவுக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. காய்கறிச் செடிகளை நட்ட முதல் 30 அல்லது 45 நாட்களுக்குள் களையை அடக்காவிடின், பின்னர் எவ்வளவு பறித்தாலும் இழந்த விளைவு திரும்புவதில்லை. நாற்று நட்ட வீட்டில் ஒருவர் காய்ச்சலாய் இரண்டு வாரம் படுத்துவிட்டால், தோட்டம் அவ்வளவில் முடிந்துபோவதையும் கிராமங்களிற் காணலாம்.

களை ஏன் மீண்டும் மீண்டும் முளைக்கின்றது

பறித்த இடத்திலேயே பத்து நாளிற் பச்சை தோன்றுவதைக் கண்டு, வேர் அறுந்து நின்றுவிட்டதென்று பலர் கருதுவர். கோரை, அருகு முதலியவற்றில் அஃது உண்மையே. சாரணை, பருப்புக்கீரை, குப்பைமேனி, கீழாநெல்லி முதலியன புதிய விதையினின்றே எழுகின்றன. மண்ணுக்குள் விதைகள் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் வில்லியம் பீல் என்னும் தாவர சாஸ்திரி 1879-இல் பலவகைக் களைவிதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். அவற்றுள் ஒரு புட்டியை 2021-இல் தோண்டியெடுத்து விதைத்துப் பார்த்தபோது, 142 ஆண்டுகள் கழிந்தும் சில விதைகள் முளைத்தன.

உறங்கும் விதையை எழுப்புவது பெரும்பாலும் வெளிச்சம். சிறு விதைகளுட் பல தம்மேல் ஒளி பட்டாலன்றி முளைப்பதில்லை. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் லெட்யூஸ் கீரையின் விதைகளைக் கொண்டு, சிவப்பு ஒளி அவற்றை முளைக்கத் தூண்டுவதையும், சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளி அதனைத் தடுப்பதையும் விளக்கிக் காட்டினர். ஆகவே மண்வெட்டியாற் கொத்திக் களையெடுக்கும் ஒவ்வொரு முறையும், அடியிற் கிடந்த விதைகள் மேலே வந்து வெளிச்சம் பெற்று முளைக்கின்றன. களையெடுக்கும் வேலையே அடுத்த களைக்கு விதைப்பாக முடிகின்றது. முளைத்துவிட்ட களையும் வெளிச்சமின்றி நெடுநாள் வாழாது. வேரிற் சேமித்த உணவு தீர்ந்ததும் வெளுத்து மடியும். ஆகையால் மண்ணை வெளிச்சத்தினின்று மறைத்தல் வேண்டும். இதனையே மூடாக்கு என்பர்.

வைக்கோல் மாட்டுக்கு, காகிதம் மண்ணுக்கு

மூடாக்கின் பெருமையைக் கிராமத்தார் கேளாதவரல்லர். இயற்கை வேளாண்மையைத் தமிழ்நாடெங்கும் நடந்து பரப்பிய கோ. நம்மாழ்வார் (1938–2013) தம் பேச்சுக்களில் அதனை இடைவிடாது வற்புறுத்தி வந்தார். ஆயினும் புறக்கடைத் தோட்டங்களில் வெறுமண்ணே மிகுதியாகக் காணப்படுகின்றது. இதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. வைக்கோலை மட்டும் கொண்டு களையை அடக்க வேண்டுமாயின் நாலு அங்குல கனத்துக்குக் குறையாமற் பரப்புதல் வேண்டும். மாடு கட்டியிருக்கும் வீட்டில் அத்தனை வைக்கோலை மண்ணுக்கு இட எவருக்கும் மனம் வாராது. மாடில்லாத வீட்டுக்கோ வைக்கோல் விலைகொடுத்து வாங்கும் சரக்கு. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலும் கட்டுக் கட்டாகச் சுருட்டி விற்கப்படுகின்றது. தழை ஆட்டுக்குப் போகின்றது. நிலக்கடலைத் தோல் அடுப்புக்குப் போகின்றது.

இவற்றுக்கு மாறாக, எந்த விலங்கும் தின்னாததும் தெருவோரத்தில் எரிக்கப்படுவதுமான பொருள் ஒன்று ஒவ்வொரு கிராமத்திலும் குவிந்து வருகின்றது. மளிகைக் கடையின் அட்டைப் பெட்டி, தேநீர்க் கடையின் பழைய தினசரி, கிழிந்த சணற் கோணி, நைந்த பருத்தி வேட்டி ஆகியவையே அவை. பட்டுப் புடைவைக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரமும் அருகில் இருப்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை. இருளைக் கொடுக்கும் வேலையைக் காகிதம் செய்துவிடுமானால், அதன்மேல் இடும் சருகு காகிதத்தைக் காற்றினின்றும் வெயிலினின்றும் காத்தாற் போதும். அதற்கு ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் போதுமானது. வைக்கோற் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வைக்கோலே இன்றி, ஆடு மாடு விரும்பாத வாழைச் சருகு, தென்னோலைக் கீற்று, சவுக்குச் சருகு ஆகியவற்றைக் கொண்டும் காரியத்தை முடிக்கலாம்.

காகிதத்தால் நிலத்தை மூடுதல் ஏழைத் தோட்டக்காரரின் யுக்தி மட்டுமன்று. ஹவாய்த் தீவில் ஓலா என்னுமிடத்துக் கரும்புத் தோட்டத்தை நிர்வகித்த சார்லஸ் எக்கார்ட், 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கரும்பு வரிசைகளின்மேற் காகிதம் விரித்துக் களையை அடக்கினார். 1920-களில் அத்தீவுகளின் அன்னாசித் தோட்டங்கள் தார் பூசிய காகிதத்தைப் பெருமளவிற் கைக்கொண்டன. 1950-களுக்குப் பின்னரே பாலித்தீன் விரிப்பு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று தோட்டக்கலைத் துறையின் மானியத்தோடு வழங்கப்படும் விரிப்பும் அதுவே. ஏக்கர்க்கணக்கில் மிளகாயோ தர்ப்பூசணியோ பயிரிடுவோருக்கு அது பயன்படலாம். வீட்டுத் தோட்டத்திலோ, கிழிந்த பாலித்தீனைப் பொறுக்கியெடுப்பது களை பறிப்பதினும் கொடிய வேலையாய் முடியும்.

பொருளைத் தெரிந்தெடுத்தல்

எல்லாக் கழிபொருளும் இதற்கு ஆகா. அட்டைப் பெட்டியில் ஒட்டியுள்ள செல்லோ டேப், இரும்பு ஊசி, பிளாஸ்டிக் முகவரிச் சீட்டு ஆகியவற்றை முன்னரே உரித்து எறிதல் வேண்டும். பளபளப்பான வர்ணத் தாளும், மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய பெட்டியும் வேண்டா. அவை எளிதில் மக்கா. நீரையும் உள்ளே விடா. கறுப்பு மையில் அச்சிட்ட சாதாரணத் தினசரித்தாள் இதற்கு உகந்தது.

சாக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். முற்காலத்தில் சாக்கு என்றாலே சணல் என்று பொருள். இப்போது உரமும் அரிசியும் சிமெண்டும் வரும் வெள்ளைச் சாக்கு பிளாஸ்டிக் நாரால் நெய்தது. அதனை வெயிலில் விரித்துவைத்தால் சில மாதங்களில் நார் நாராய் உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும். பின்னர் எவராலும் அதனைப் பிரிக்க இயலாது. சந்தேகம் தோன்றினால் ஒரு நூலைப் பிரித்து நெருப்பிற் காட்டினாற் போதும். சணல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு உருண்டையாகும். சேலை வேட்டிகளுக்கும் இச்சோதனையே பொருந்தும். பாலியஸ்டர் கலந்த துணியை விலக்குக.

விழாக்களுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் கட்டிப் பின்னர் இலவசமாகக் கிடைக்கும் பிளெக்ஸ் பேனரையும் சிலர் நிலத்தில் விரிக்கின்றனர். அது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கினாலாயது, வளைந்து கொடுப்பதற்காக இரசாயனங்கள் சேர்க்கப்பட்டது. நடைபாதையில் ஒரு பருவம் கிடந்து, நொறுங்கத் தொடங்குமுன் எடுக்கப்படுமாயின் பாதகமில்லை. கீரையும் காயும் விளையும் பாத்திக்கு அது வேண்டா.

விரிக்கும் முறை

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் மார்கழிக் கடைசியில், தைப்பட்டத்து நடவுக்கு முன்னர் விரிப்பது இப்பகுதிக்கு மிகவும் அநுகூலமானது. மழை தந்த ஈரத்தை அவ்வாறே மூடி வைத்துக்கொள்ளலாம். வறண்ட மண்ணை மூடினால் வறட்சியையே மூடி வைத்ததாகும். அதன்பின் தூறும் சிறுமழையைக் காகிதமே குடித்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு விரிப்பவர் நிலத்தை முதலில் நன்றாக நனைத்துக்கொள்வதோடு, அம்மியையும் பறக்கச் செய்யும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பாத்தியிலுள்ள உயர்ந்த களைகளை வேரோடு பறிக்காமல் தரைமட்டத்தில் அறுத்து அங்கேயே கிடத்தலாம். விதை முற்றியவற்றை மட்டும் அப்புறப்படுத்துக. அதன்மேற் சாணிக் கரைசலைத் தெளித்தபின் காகிதத்தை விரிப்பது நலம். காகிதத்தை மண்ணோடு கலந்து உழுதுவிட்டால், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பிற் கிடக்கும்வரை அவ்வச்சம் மிகுதியில்லை. சாணிக் கரைசல் மேலும் ஒரு காப்பு.

தினசரித்தாளாயின் எட்டுத் தாள் கனம் வேண்டும். 16 பக்கமுள்ள தினசரியைப் பிரித்தால் நாலு தாள் ஆகும். ஆகவே இரண்டு நாளைய பத்திரிகை ஓர் அடுக்கு. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்தியை மூட ஏறக்குறைய ஒரு மாதத்துப் பத்திரிகை பிடிக்கும். இம்முறை வீட்டுத் தோட்டத்துக்கே உரியது, வயலுக்கு அன்று என்பது இக்கணக்கினின்றே விளங்கும். அட்டையாயின் ஒரு வரிசை போதும். எதுவாயினும் ஓரத்தோடு ஓரம் அரைச் சாணுக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருத்தல் வேண்டும். களை எழுவது பெரும்பாலும் இந்த இணைப்பு இடுக்குகளில்தான்; விரலளவு வெளிச்சம் கிடைத்தாலும் அருகம்புல்லின் ஓடுதண்டு அதன் வழியே தலைநீட்டும்.

தாளை விரிக்கும்போதே தொட்டி நீரில் முக்கி நனைத்து விரிக்க வேண்டும். உலர்ந்த தாள் காற்றிற் பறக்கும். உலர்ந்த அட்டை நீரை ஓரமாய் வழியவிடும். நனைந்து துவண்ட தாள் மண்ணின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேற் சருகை இடுக. சிலர் பாரத்துக்காகத் தாளின்மேல் மண்ணை அள்ளிப் போடுவர். அது தவறு. அந்த மண்ணிலுள்ள விதைகள் தாளையே மெத்தையாகக் கொண்டு முளைத்துவிடும். வைக்கோலை மேலே இடுவோர் அதனை நன்றாக உதறி, சிக்கியுள்ள நெல்மணிகளை நீக்கிவிடுதல் நலம்.

நாற்றை நடுவதற்குத் தாளிற் குறுக்கும் நெடுக்குமாய்க் கீறித் துளை செய்து, தண்டைச் சுற்றி நாலு விரற்கடை வெறுமையாக விடவேண்டும். தண்டோடு ஈரச்சருகு ஒட்டியிருந்தால் அழுகல் காணும். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பூசணி, வாழை, முருங்கைக் கன்று ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. தூவி விதைக்கும் முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் பொருந்தாது. அங்கே கையால் களை பறித்தலைத் தவிர வழியில்லை.

நீர் பாய்ச்சும் வகையையும் முன்னரே யோசித்தல் வேண்டும். பாத்தி நிறைய நீர் கட்டினால் காகிதம் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கும். பலர் ஒருமுறை விரித்துப் பார்த்துக் கைவிட்டதற்கு இதுவே காரணமாயிருத்தல் கூடும். பார் பிடித்துப் பாரின்மேல் தாளை விரித்து, சாலில் நீரை விடுதல் சரியான முறை. குடத்தில் எடுத்து ஊற்றுவோர் துளைதோறும் ஊற்றலாம்.

கோரை

கோரையைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கின்றது. காகிதமோ அட்டையோ கோரையை நிறுத்துவதில்லை. அதன் முளை ஊசி முனைபோற் கூர்மையானது. பாலித்தீன் விரிப்பையே துளைத்துக்கொண்டு வெளிவரும். மண்ணுக்குள் கிழங்குகள் சரம் சரமாய்க் கோத்துக் கிடக்கும். மேலே பறித்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும்.

கோரை மிகுந்த பாத்தியில் விரிப்பதற்கு முன் ஒரு கோடையைச் செலவிட வேண்டும். சித்திரை வைகாசியில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கிழங்குகளை மேலே கொணர்ந்து பல நாட்கள் வெயிலில் உலரவிடுக. கிழங்கு கடும் உலர்ச்சியைத் தாங்காது. இவ்வாறு இரண்டு மூன்று முறை புரட்டினால் பெரும்பகுதி அழியும். எஞ்சியவை தாளைத் துளைத்து எழும்போது வாரந்தோறும் அறுத்துவந்தால் கிழங்கு மெல்ல மெலியும். பொறுக்கிய கிழங்கைக் கழுவி உலர்த்தி ஸ்நானப் பொடியிற் சேர்க்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. நாட்டு மருந்துக் கடையிலும் அதற்கு விலை உண்டு.

களையென்று ஒதுக்கப்படும் செடிகளுட் சில மருந்தாகவும் கறியாகவும் பயன்படுவதை இங்கே மறத்தலாகாது. திருமுக்கூடல்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று அவ்வூரில் நடந்ததையும், மருந்துக்குரிய மூலிகைகளைக் கொணர்வதற்கென்றே ஆட்கள் இருந்ததையும் தெரிவிக்கின்றது. கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் வேலியோரத்தில் ஒரு முழ இடம் விட்டு வளர்த்துக்கொண்டு, பாத்தியை மட்டும் மூடுவதே விவேகம். பார்த்தீனியத்துக்கு அந்தச் சலுகை வேண்டா. 1950-களிற் பூனாவில் முதலிற் கவனிக்கப்பட்ட அந்த அயல்நாட்டுக் களை தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்குவது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, பூக்குமுன் பறித்துவிடுதல் வேண்டும்.

கறையானும் பிற தொல்லைகளும்

அயல்நாட்டு நூல்களிற் காகித மூடாக்கைப் புகழ்வோர் அதிகம் பேசாத ஓர் எதிரி இங்கே உண்டு. உலர்ந்த அட்டையைக் கறையான் விடாது. மணற்பாங்கான மேட்டு நிலத்திலும் பழைய புற்றுக்கு அருகிலும் ஒரு மாதத்துக்குள் அட்டை மண்பூச்சாய் மாறிவிடும். கறையான் முதலில் நாடுவது செத்த பொருளையே. ஆயினும் ஈரம் வற்றியபின் இளங்கன்றின் வேரிலும் கை வைக்கும். தாளை எப்போதும் ஈரமாக வைத்திருப்பதே முதற் காப்பு. வேப்பம் பிண்ணாக்கை அடியிற் தூவுவதும் உதவும். புதிதாய் நட்ட மாங்கன்று, தென்னங்கன்று ஆகியவற்றின் தூரிலிருந்து அட்டையை ஒரு முழம் விலக்கியே வைத்தல் வேண்டும். வீட்டுச் சுவரையும் மரக் கதவு நிலையையும் ஒட்டி ஒருபோதும் விரிக்கலாகாது.

மழைக்காலத்தில் நத்தையும், சருகின் அடியில் தேளும் பூரானும் அடையும். ஆதலால் சருகை வெறுங்கையால் கிளறாமல் கோலால் புரட்டிப் பார்த்தபின் கை வைக்கும்படி சிறுவர்க்குச் சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையிற் களிமண் பாத்தியில் நீர் தேங்குமாயின், தாளை ஒருபுறம் விலக்கி மண்ணுக்குக் காற்றோட்டம் விடுக.

தையில் விரித்த தினசரித்தாள் ஏறக்குறைய சித்திரைக்குள் கந்தலாகி மண்ணோடு சேர்ந்துவிடும். அட்டை அதனினும் சற்று நீடிக்கும். அதற்குள் செடிகள் குடைபோல் விரிந்து தம் நிழலாலேயே களையை அடக்கும் பருவத்தை அடைந்திருக்கும். இடையே ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் இரண்டு தாளை நனைத்து ஒட்டுப்போட்டால் போதும். அறுவடை முடிந்ததும் செடிகளைத் தரையோடு அறுத்து வேரை மண்ணில் விட்டுவிடுக. மண்ணைக் கொத்திப் புரட்டினால் உறங்கும் விதைகள் மீண்டும் வெளிச்சம் பெறுமாதலின், கோரை இல்லாத பாத்தியைக் கொத்தவே வேண்டா. எஞ்சிய அட்டைத் துண்டுகளையும் அவற்றில் தப்பியிருந்த டேப் துணுக்குகளையும் பார்த்துப் பொறுக்கியபின், அதே பாரின்மேல் சாணிக் கரைசலைத் தெளித்து, சேர்த்து வைத்த புதுத் தாளை நனைத்து விரிக்கலாம்.